மாமன் கைத் தெளுவு

இதை எழுதும்போது என் முன்னால் ஒரு கொட்டாங்குச்சி இருக்கிறது. முற்றின தேங்காயின் பாதி. வெளிப்பக்கம் தேய்த்துத் தேய்த்துக் கறுத்துப் பளபளவென்று இருக்கிறது. உள்ளே, அடியில், கட்டைவிரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து கல்லாகிப் போயிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் வராது. என் அக்கா இதைப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தன் துணிப்பெட்டியின் அடியில், கல்யாணக் கூறைச் சேலைக்கும் கீழே வைத்திருந்தாள். போன மாசம்தான் என் கைக்கு வந்தது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வயசானால் தணியும் என்றார்கள், தணியவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் பெரிய பட்டியல் சொல்லவேண்டும். அதில் என் பெயரும் உண்டு.

எங்கள் பக்கத்தில் பனையிலிருந்து இறங்குவது இரண்டு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் தெளுவு. தடவாமல் கட்டினால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற ஆளும் ஒன்றுதான். வெளியூர்க்காரர்கள் பதநீர் என்று சொல்லும் தெளுவைப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கொடுப்பார்கள். கள்ளைக் குடித்தவன் பெண்டாட்டியை அடிப்பான். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. அதையும் சொட்டு விழுவதற்கு முன்னால் தடவியிருக்க வேண்டும். புளித்த பிறகு ஒரு கூடை சுண்ணாம்பைக் கொட்டினாலும் கள் கள்தான். திருச்செங்கோட்டு மலை தெரிகிற எங்கள் காட்டில் வரப்போரமாகப் பதினேழு பனைகள் நின்றன. மரமேறுகிறவர் ஒருவர் குடும்பத்தோடு காட்டு மூலையில் குடிசை போட்டிருந்தார். அப்பாவுக்கும் அவர் சேக்காளிகளுக்கும் கள் இறக்குவார். அம்மா கேட்டால் தெளுவும் இறக்குவார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு மாமன் கை என்று பெயர். ஒரு பையன் முதல்முதலாகத் துணையில்லாமல் கவலை ஓட்டுகிற நாளில், அதாவது கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற நாளில், அவன் தாய்மாமன் வந்து எல்லார் முன்னாலும் ஒரு கொட்டாங்குச்சிக் கள்ளைத் தன் கையால் குடிக்கக் கொடுக்கவேண்டும். அதுவும் இதுவரை கட்டாத புதுக் கலயத்தில் இறக்கியதாக இருக்கவேண்டும். கன்னிக் கலயம் என்பார்கள். அதோடு பையன் ஆம்பளை. மாமன் கை வைக்காத பையனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள் என்றுகூடச் சொல்லிக்கொண்டார்கள். அப்படி யாருக்கும் கொடுக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. கள் வாசம் என்றாலே எனக்குக் குமட்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். "அந்த நாள் வந்தா என்ன பண்ணுவே?" என்று கேலி பேசுவார்கள். நான் பயந்து எழுந்து ஓடிவிடுவேன்.

என் மாமா பெரிய குடியானவர். பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் பூமி. அவருடைய மகன், எனக்கு மச்சான், அக்காவுக்கு முறை மாப்பிள்ளை. மச்சானுக்குப் பத்து வயசிலேயே மாமன் கை வைத்தாகிவிட்டது. "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?" என்று மாமா பெருமையாகச் சொல்லுவார். நல்ல பழமொழிக்கு இந்த ஊரில் வந்த கதி அது. இருபது வயசில் மச்சானுக்குக் காலையிலேயே கை நடுங்கும். தேர்நோம்பிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அக்கா வைத்த மோர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்தும் பாதியைக் கீழே ஊற்றினார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது பதினேழு வயசு. குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தன் கல்யாணத்தைப் பற்றிய பயம் இருந்ததா, என்னைப் பற்றிய பயம் இருந்ததா என்று இன்றுவரை நான் அவளைக் கேட்டதில்லை.

பங்குனியில் என் நாள் குறித்தார்கள். அக்கா அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். "எங்கண்ணன் கையத் தட்டச் சொல்றயா? பொறந்த ஊட்டு ஒறவே அத்துப்போகும் அம்மிணி" என்றாள் அம்மா. அப்பாவோ, ஒரு கொட்டாங்குச்சி கள்ளில் யார் கெட்டுப்போனார்கள் என்று கேட்டார். அவர் கெட்டுப்போனது அவருக்குத் தெரியாது. பிறகு அக்கா யாரிடமும் பேசவில்லை. மரமேறுகிறவரிடம் மட்டும் போய்ப் பேசினாள். கன்னிக் கலயத்தின் உள்ளே அவளே வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவிக் கொடுத்தாள். வாசத்துக்காக மேலே ஒரு கை கள் நுரையை அள்ளி விடுவதாக அவர் ஒப்புக்கொண்டார். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது. அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று ரொம்ப நாள் அவள்மேலும் கோபப்பட்டேன். எனக்கு வாய் நிற்காது என்று நினைத்திருப்பாள். சரியாகத்தான் நினைத்திருக்கிறாள்.

கவலை ஓட்டினேன். மாடுகள் இறக்கத்தில் இறங்கும்போது வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து பாரம் கொடுத்தேன். பின்னால் ஏற்றும்போது கிணற்று விளிம்பில் சரியாக நிறுத்தினேன். நாற்பது சால் தண்ணீர் இறைத்து முடித்ததும் மாமா புதுத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். கலயத்திலிருந்து இந்தக் கொட்டாங்குச்சியில் ஊற்றி என் வாயருகே நீட்டினார். மேலே நுரை, அதே வாசம். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். இனித்தது! அத்தனை பயந்த சாமான் சர்க்கரையாக இனித்தது. ஒரே மூச்சில் முடித்தேன். கொட்டாங்குச்சியின் அடியில் வெள்ளையாக ஏதோ தங்கியிருந்தது. "சிங்கக்குட்டிடா" என்று மாமா என் முதுகில் தட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அக்கா வந்து கொட்டாங்குச்சியை வாங்கிக்கொண்டு போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அவள் போட்ட கணக்கு ஒரு இடத்தில் பிசகியது. என்னிடம் இருந்த ஒரே காவல் அந்தப் பயம்தான். அதை அவள் தெரியாமல் எடுத்துவிட்டாள். கள் என்றால் இவ்வளவுதானா என்று எனக்கு ஆகிவிட்டது. நாலாம் நாள் மச்சான் ஒரு கலயத்தோடு பனைமரத்தடிக்குக் கூப்பிட்டபோது துள்ளிக்கொண்டு போனேன். ஒரு வாய் குடித்ததும் துப்பினேன். "சேய், இது புளிச்சுக் கெடக்குது மச்சா. மாமன் குடுத்தது நல்லா இனிச்சுது. அடியில வெள்ளையாக்கூடக் கெடந்துச்சு" என்றேன். இவ்வளவுதான் நான் சொன்னது. குழந்தைப் பேச்சு. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தெளுவுடா அது! பொட்டப்புள்ளைகளுக்கும் புள்ளத்தாச்சிக்கும் குடுக்கறது. எங்கப்பன் கையில தெளுவக் குடுத்து ஏமாத்திப் போட்டாங்கடா!"

மறுநாள் காலையில் மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வாசலில் ஊர் கூடிவிட்டது. மரமேறுகிறவரை இழுத்து வந்து நிறுத்தினார்கள். அவர் கை கட்டிக்கொண்டு, "அம்மிணி கேட்டுச்சுங்க, எறக்கிக் குடுத்தனுங்க. கொழந்தைக்குத் தெளுவு குடுக்கறது குத்தமுங்களா?" என்று கேட்டார். கன்னத்தில் ஒரு அறை விழுந்தது, அதுதான் பதில். சாயங்காலத்துக்குள் குடிசையைப் பிரித்துக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு சங்ககிரிப் பக்கம் போய்விட்டார். மாமா என்னைப் பிடித்து, தாடையை அமுக்கி, புளித்த கள்ளை எல்லார் முன்னாலும் ஊற்றினார். நான் வாந்தி எடுத்தேன். மறுபடி ஊற்றினார். "தெளுவு! தெளுவு!" என்று என் வயசுப் பையன்கள் கத்தினார்கள். அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. பிறகு அக்காவைக் கூப்பிட்டார். "என்ற கையப் பொய்யாக்கினவ என்ற ஊட்டுக்கே வந்து, என்ற கையில சோறு திங்கோணும்" என்றார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேல்துண்டை எடுத்து உதறித் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். நான் வாந்தி படிந்த சட்டையோடு நின்றிருந்தேன். 'அவளைக் கொடுக்காதீங்க' என்று சொல்ல எனக்கும் ஒரு வாய் இருந்தது. வேண்டாத நேரத்தில் திறந்த அந்த வாய் வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. வைகாசியில் கல்யாணம் ஆயிற்று.

முள் மேல் சேலை விழுந்தாலும் சேலை மேல் முள் விழுந்தாலும் கிழிவது சேலைதான். என்னைக் காப்பாற்றப் பார்த்தவள் ஒருத்தி. அவளைத்தான் ஊர் பேசியது. நான் தெளுவு என்ற பெயரைத் துடைக்கக் குடித்தேன். பதினாறு வயசில் என் வயசுப் பையன்கள் எல்லாரையும்விட இரண்டு கொட்டாங்குச்சி கூடக் குடிப்பேன். எனக்கு அந்தச் சாமான் ஒருநாளும் பிடித்ததில்லை. கேலிக்குப் பயந்து குடித்தேன், கடைசியில் குடிக்காமல் இருக்க முடியாமல் குடித்தேன். அப்போதும் ஊர் என்ன சொன்னது தெரியுமா? முதல் கை பொய்க் கையாகப் போனதால்தான் பையன் நிதானம் தெரியாமல் குடிக்கிறானாம். எல்லாம் அக்கா செய்த தோஷமாம். இதைக் கேட்டுக்கொண்டு அவள் அந்த வீட்டில் சாணி அள்ளினாள், அடி வாங்கினாள், ஒரு பையனைப் பெற்றாள்.

அப்புறம் மதுவிலக்கு வந்தது. எங்கள் ஜில்லாவில்தான் முதலில் கொண்டுவந்தார்கள். கடைகளைச் சாத்தினார்கள், பனையில் சுண்ணாம்பில்லாக் கலயம் கட்டக்கூடாது என்றார்கள். பெண்கள் கும்மி அடித்தார்கள், அது நிஜமான சந்தோஷம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கமிட்டிக்கு யாரைத் தலைவராக வைத்தார்கள்? என் மாமாவை! கதர்த்துண்டு போட்டுக்கொண்டு சந்தைமேட்டில் நின்று, வாலிபர்கள் மதுவைத் தொடக்கூடாது என்று ஒரு மணி நேரம் பேசினார். என் தாடையை அமுக்கிய அதே கை மேலும் கீழும் ஆடியது. நான் கூட்டத்தில் நின்று கைதட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைக்குத் தும்பை அவிழ்த்துவிட்டவனையே ஆளாகப் போட்டார்கள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் விலக்கு. அக்கரை வேறு ஜில்லா. ஈரோட்டுப் பக்கம் கடைகள் திறந்தே இருந்தன. பரிசல்காரர்களுக்கு அந்த வருஷம்போல ஓட்டம் எப்போதும் இருந்ததில்லை. மச்சான் தினம் போவார். நானும் அக்கா வீட்டுக்குப் போகிற சாக்கில் போய், அவரோடு சேர்ந்துகொள்வேன். ஆடியில் ஒருநாள் தண்ணீர் பெருகி ஓடியது. நாங்கள் பரிசல் துறையில் நின்றிருந்தோம். இடுப்பில் பையனை வைத்துக்கொண்டு அக்கா மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். மச்சானை அவள் பார்க்கவே இல்லை. மடியிலிருந்து இந்தக் கொட்டாங்குச்சியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"சாமி, அக்கரைக்குத்தான போறே? வாரப்ப இதுல எனக்கும் கொண்டா. நீ மாமன் கையில குடிச்சே. நான் தம்பி கையில குடிச்சுக்கறேன்."

அழவில்லை, சத்தம் போடவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அடியில் வெள்ளையாக இருந்ததை நான் பார்த்தேன். எனக்குப் பரிசலில் கால் வைக்க முடியவில்லை. மச்சான் என்னைத் திட்டிவிட்டு ஏறிக்கொண்டார். கதையாக இருந்தால் அன்று பரிசல் கவிழ்ந்திருக்கும். கவிழவில்லை. மச்சான் நன்றாகக் குடித்துவிட்டு, பாடிக்கொண்டு திரும்பி வந்து, என்னைத் தடுத்ததற்காக அக்காவை அடித்தார். அன்றோடு நான் குடியை விட்டேன் என்று எழுத ஆசைதான். அதற்குப் பிறகும் இரண்டு தடவை குடித்தேன். மூன்றாம் தடவை இல்லை. முதல் பத்து நாள் கை நடுங்கும், மோர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடிப்பேன். மச்சான் ஞாபகம் வரும்.

உலகச் சண்டை வந்தது, சர்க்காருக்குக் காசு வேண்டியிருந்தது. கடைகளை மறுபடி திறந்துவிட்டார்கள். கமிட்டியும் இல்லை, கதர்த்துண்டும் இல்லை. மாமா பழையபடி கலயத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். மச்சான் வயிறு வீங்கி, மஞ்சள் பூத்து, முப்பத்துமூன்றாவது வயசில் செத்தார். பிள்ளைக்கு மாலை போட்ட கையோடு மாமா கடைக்குப் போனார். துக்கமாம். சட்டம் வந்தது, போனது. மறுபடி வரப்போகிறது என்கிறார்கள், வரட்டும். ஆனால் எந்தப் பையனும் தானாக நடந்து முதல் நாள் கடைக்குப் போவதில்லை. அவன் மதிக்கிற ஒரு கை அவன் வாயருகே கொண்டுவந்து நீட்டுகிறது. கடையைச் சாத்தச் சட்டம் இருக்கிறது. அந்தக் கைக்கு என்ன சட்டம் இருக்கிறது?

போன மாசம் மாமாவிடமிருந்து ஆள் வந்தது. அக்கா மகனுக்குப் பன்னிரண்டு நடக்கிறது, செவ்வாய்க்கிழமை அவன் கவலை ஓட்டப்போகிறான், தாய்மாமன் நீ வந்து கை வைக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். குடித்தே செத்தவனின் பிள்ளைக்கு, அவனைக் குடிக்கப் பழக்கிய தகப்பனே நாள் குறித்திருக்கிறார். ஆள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான். முதலில் போகவே கூடாது என்று நினைத்தேன். நான் போகாவிட்டால் ஒன்றுவிட்ட மாமன் எவனாவது கை வைப்பான். அதனால் சங்ககிரிப் பக்கம் போய் மரமேறுகிறவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். கிழவராகிவிட்டார், மகன்தான் ஏறுகிறான். நான் யார் என்று சொன்னதும் கன்னத்தைத் தடவிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். "இந்தத் தடவெ மேல நொரை வேணுமுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை பையன் கவலை ஓட்டினான். ஓரக்கண்ணால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த பயம்தான். மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊர் சுற்றி நின்றது. அக்கா வந்து இந்தக் கொட்டாங்குச்சியை என் கையில் கொடுத்தாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என்ன ஊற்றப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் கொடுத்தாள். நான் கலயத்தைக் கவிழ்த்தேன். நுரையில்லாமல், கண்ணாடியாக விழுந்தது. கூட்டம் முணுமுணுத்தது. மாமா எழுந்து, "என்றா அது?" என்றார்.

பையனின் உயரத்துக்குக் குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "சாமி, இது தெளுவு. கள்ளில்ல. அடியில வெள்ளையாக் கெடக்குது பாரு, அது சுண்ணாம்பு. உங்கம்மா எனக்குக் குடுத்ததும் இதேதான். உன்னைய நான் ஏமாத்தல. குடி. நாளைக்கு எவனாச்சும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, இனிச்சுதுன்னே சொல்லு."

மாமா கத்தினார். என் கை பொய்க் கை என்றார், உறவு அறுந்தது என்றார், பேரனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்றார். கத்தட்டும். பையன் கொட்டாங்குச்சியை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். கூட்டத்தில் யாரோ ஒரு பயல் "தெளுவு" என்று கூப்பிட்டான். பையன் வாயைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பி, "ஆமா, தெளுவுதான்" என்றான். அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவளும் பையனும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள். கொட்டாங்குச்சியைக் கழுவும்போது அடியைச் சுரண்டாமல் கழுவச் சொல்லியிருக்கிறேன்.